சவரிமுத்துவின் பாதி மீசை

போன வாரம் சவரிமுத்துவின் மகன் போன் செய்தான். "மாமா, அப்பா பூட்டாரு" என்றான். நான் பதில் சொல்வதற்குள், "சவப்பெட்டி செய்றவரு பூச்சு இன்னா மாதிரி வேணும்னு கேக்கறாரு. தப்பா சொன்னா அப்பா எழுந்து வந்து திட்டுவாரு" என்று அழுதுகொண்டே சிரித்தான். "சாட்டின்னு சொல்லுப்பா" என்றேன்.

சவரிமுத்துவோடு சைதாப்பேட்டையில் பெயிண்ட் பிரஷ் பிடித்தவர்களுக்கு அவன் மீசைக் கணக்கு தெரியும். காய்ந்த கதவில் குனிந்து முகம் பார்ப்பான். "நரை வரைக்கும் தெரிஞ்சா கிளாஸி. மீசைன்னு மட்டும் தெரிஞ்சா சாட்டின். ஆளே தெரியலன்னா மேட்." கம்பெனிக்காரன் டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் அவனுக்கு மீசை சொல்வதுதான் சத்தியம்.

மயிலாப்பூரில் ஒரு மாமி வீட்டு அறைக்குப் பூச்சு தேர்ந்தெடுத்த அன்று, ஸ்டூல் போட்டு, ஜன்னல் வெயில் நகர்வதைப் பார்த்துக்கொண்டு உச்சிவேளை வரை சும்மா உட்கார்ந்திருந்தான். மாமி கடுப்பாகிவிட்டார். "என்னப்பா, கல்யாணத்துக்கா வந்திருக்கே? எல்லாம் கண்ணாடி மாதிரி பளபளன்னு அடிச்சுட்டுப் போ."

"கண்ணாடி வேணும்னா கண்ணாடியே வாங்கிடுங்க மாமி. இந்த அலமாரி ஜன்னலுக்கு நேரா கீது. மேல பூரா பள்ளம் அடைச்ச பழைய பட்டி. கிளாஸி அடிச்சா ஒவ்வொரு மேடு பள்ளமும் தெருவுக்கே தெரியும். மாமாவுக்கு வேற கண்ணு ஆபரேஷன் ஆயிருக்கு. அலமாரிக்கு சாட்டின். பாத்ரூம் கதவுல தண்ணி படும், தொடைக்கணும், அதுக்கு மட்டும் கிளாஸி."

மாமி ஒருவழியாக ஒப்புக்கொண்டார். ஒரே காப்பிப்பொடி நிறத்தில், ஒரே கம்பெனியில், ஒரே அளவில் இரண்டு டப்பா வாங்கி வைத்துவிட்டு, வேண்டுதலை முடிக்க வேளாங்கண்ணிக்குப் போய்விட்டான்.

எனக்குப் படிக்கத் தெரியாது. அதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை. இருபது வருடம் கூடவே வேலை பார்த்த சவரியிடம்கூட, "கண்ணாடிய வீட்ல வச்சிட்டேன், நீயே படி நைனா" என்றுதான் சமாளித்து வந்தேன். அன்று படிக்க ஆள் இல்லை. மாமியிடம் கேட்டால் மானம் போகும். இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருப்பதுதான் கிளாஸி என்று நானே தீர்மானித்து, அதைப் பாத்ரூம் கதவுக்கும் மற்றதை அலமாரிக்கும் அடித்தேன். ஈரத்தில் எல்லாப் பெயிண்டும் பளபளக்கும். காய்ந்த பிறகுதான் அதன் குணம் தெரியும்.

மறுநாள் காலை மாமாவின் குரல் தெரு வரை கேட்டது. "ஏண்டி, சூரியன் அலமாரிக்குள்ள உதிக்கறதுடீ." பாத்ரூம் கதவோ பளபளப்பில்லாமல் மங்கி நின்றது.

சவரி திரும்பி வந்தபோது மொட்டைத் தலை, மழித்த மேலுதடு. முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மாமி இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தார். "டப்பாவுல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. படிக்கத் தெரியாதா உனக்கு?"

இத்தனை வருடம் காத்தது இத்தோடு போயிற்று, இனி மயிலாப்பூரில் எந்த வீட்டில் என்னை நம்பி டப்பா கொடுப்பார்கள் என்று நினைத்தேன்.

"அவன் மேல தப்பில்ல மாமி. நான்தான் டப்பாவ மாத்திக் காட்டிட்டேன்" என்றான் சவரி.

"நீ வேளாங்கண்ணியில இல்லையா இருந்தே?"

"போறதுக்கு முன்னாடியே தப்பு பண்ணிட்டுத்தான் போனேன். அதுக்கும் சேத்துத்தான் இந்த மொட்டை."

மாமா உள்ளே சிரித்துவிட்டார். மாமி இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

அந்தப் பகல் முழுக்க இருவரும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். சாயங்காலம் அவன் நிமிராமலே கேட்டான். "உன் கண்ணாடி எங்க கீது நைனா?"

"வீட்ல."

"இருபது வருசமாவா?"

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவன் புது உப்புத்தாள் ஒன்றைக் கிழித்து என் பக்கம் தள்ளினான்.

மறுநாள் காலையில் டப்பா மூடிகளில் பிரஷால் படம் போட்டிருந்தான். கிளாஸியில் முழு மீசை. சாட்டினில் பாதி மீசை. மூலையில் கிடந்த பழைய மேட் டப்பாவில் வெறும் மூக்கு. "எனக்கு மீசை மொளைக்கற வரைக்கும் டப்பாவுக்காவது இருக்கட்டும்" என்றான். மறுபடி சாட்டின் அடித்து அலமாரி காய்ந்ததும் என்னைத்தான் குனிந்து பார்க்கச் சொன்னான். "இப்ப உன் மீசைதான் கணக்கு. இன்னா சொல்லுது?"

"மீசைன்னு மட்டும் தெரியுது."

"அப்ப பாஸு."

அவனுக்கு மீசை முளைத்தும் அந்தப் படம் நிற்கவில்லை. கடைசி வேலை வரை ஒவ்வொரு புது டப்பாவிலும் வரைந்தான். கடைக்காரர்கள் கேட்டால் தொழில் ரகசியம் என்பான்.

சர்ச்சில் பெட்டியைப் பார்த்தேன். செய்தவரிடம் கிளாஸிதான் இருந்ததாம். குனிந்தேன். என் மீசையில் ஒவ்வொரு நரையும் தெரிந்தது. உள்ளே இருப்பவன் உப்புத்தாள் கேட்காததுதான் பாக்கி.

அவன் மகன் அப்பாவின் வேலைப் பையைத் திறந்து எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னான். நல்ல பிரஷ்கள் இருந்தன. நான் ஒரு சாட்டின் மூடியை எடுத்து வந்து வீட்டில் ஆணியடித்து மாட்டினேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கும் என் மருமகள், "இது யாரு மீசை மாமா?" என்று கேட்டாள்.

"மீசை இல்லம்மா. சாட்டின்னு எழுதிக் கீது" என்று படித்துச் சொன்னேன்.