பதினோரு வெற்றியும் ஒரு முடிதிருத்தகமும்

நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு, ஹமயாமாவில் முடிதிருத்தும் குராமோச்சியைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அந்த மீன்பிடி ஊரில் பிறந்த ரியோஜி, பேஸ்பால் பந்து வீச அமெரிக்கா போய் முதல் மூன்று ஆட்டங்களையும் வென்றான். சிறு வயதிலிருந்து அவன் தலையைத் தொட்டது குராமோச்சியின் கைதான். பெருமை தாங்காமல் கடைக்கதவில் ஒரு தாளை ஒட்டினார்: 'ரியோஜி தோற்கும்வரை என் தாடியை எடுக்கமாட்டேன்.'

தாடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மீனவர் சங்கத் தலைவர் ஓகிமோரி, தனக்குப் பற்று குறைவா என்று தலைமுடியையும் சேர்த்து நேர்ந்துகொண்டார். மறுநாள் ஊரே நேர்ந்துகொண்டது. மொட்டைத் தலையோடு இருக்கவேண்டிய புத்த பிக்குகூட, "புத்தர்கிட்ட சொல்லிட்டேன்" என்று முடி வளர்த்தார்.

ரியோஜி தோற்பதாகவே இல்லை. ஐந்து நாளுக்கொருமுறை, காலையில் டிவியில் வென்றுகொண்டே இருந்தான். ஏழு, ஒன்பது, பதினொன்று. கை சும்மா இருக்கமாட்டாமல் குராமோச்சி பக்கத்து வீட்டு நாய்க்கு முடி வெட்டப் போனார். "அதுவும் நம்ம ஊர் நாய்தானே" என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

"இந்த மாசத்தோட கடையைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் மீன் கழுவப் போகலாம்," என்றாள் மனைவி ஃபுசாயே. "இல்லேன்னா அந்தத் தாளைக் கிழிங்க."

"கிழிச்சா அவன் தோத்துடுவான். ஊரு என்னை உப்புக்கண்டம் போட்டுடும்."

"அப்போ கிழிக்காமலே தோக்கட்டும். சாமிகிட்ட கேளுங்க. ஒரே ஒரு ஆட்டம்."

போனார். கோயிலில் ஊர் வழக்கப்படி இரண்டு முறை கைதட்டி, குனிந்து, கேட்டார். நிமிர்ந்தால் பின்னால் ஓகிமோரி, சடையும் தாடியுமாக.

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"ஊரு வேண்டுறதைத்தான்."

மூன்றாம் நாள் ரியோஜி தோற்றான். கண்ணைக் கட்டிக்கொண்டு எறிந்ததுபோல் பந்துகள் போயின. ஊர் அழுதது, அழுதபடியே கடை வாசலில் வரிசையில் நின்றது. பிக்கு முதல் ஆள். பொழுது சாயும்வரை குராமோச்சி வெட்டினார், மழித்தார். தன் தாடியில் மட்டும் கை வைக்கவில்லை. தன் நாற்காலியில் தூங்கி விழுந்த பிள்ளையைத் தானே தோற்கடித்துவிட்டதாக மனசு அறுத்தது.

மறுநாள் ரியோஜியே போன் செய்தான்.

"மாமா, ஊர்ல எல்லாரும் கோவமா?"

"கோவமெல்லாம் இல்லடா." குராமோச்சி தாடியைப் பிடித்துக்கொண்டார். "நீ தோக்கணும்னு நான்தான் வேண்டிக்கிட்டேன். மன்னிச்சுடு."



"நீங்களுமா? ஊர்ல யாரும் முடி வெட்டலைன்னு ஓகிமோரி ஐயா கடுதாசி போட்டாரு. நான் மட்டும் எப்படி வெட்டிக்கிறது? முடி கண்ணுல விழுந்து எதிர்ல உக்காந்து பந்து பிடிக்கிறவனே தெரியல. மூணு ஆட்டமா நானும் தோக்கணும்னுதான் மாமா வேண்டிக்கிட்டு இருந்தேன்."

போனை வைத்துவிட்டு, குராமோச்சி முகத்தில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டார்.