முதுகில் எழுதிய எழுத்து

ஐப்பசி பத்து, சனிக்கிழமை, காலை ஏழரை மணி, தூறல். பக்கவாதத்தில் விழுந்த என் வலக்கைக்கு எழுத்துப் பழக்க வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், கண்ணை மூடச் சொல்லி முதுகில் விரலால் எழுதினார்.

"இன்னா எழுத்து சார், சொல்லுங்க?"

எனக்கு மேற்கு மாம்பலம் வீட்டுக் கிணற்றடி வந்துவிட்டது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் லலிதா அக்காவும் நல்லெண்ணெய் வழியும் என் முதுகில் இப்படித்தான் எழுதுவாள். சீயக்காய் கண்ணை எரிக்கும்.

"தப்பாச் சொன்னா பச்சத் தண்ணிய ஊத்திடுவேன்டா."

சரியாகச் சொன்னாலும் ஊற்றினாள். அவள் போய்ப் பதினொரு வருடமாகிறது. முதுகு அந்த விரலைத்தான் தேடியது.

"சரி, உங்க பேர எழுதுங்க" என்று பென்சிலைக் கொடுத்தார். லலிதா என்று எழுதினேன். கோணல்தான், ஆனால் படிக்க முடிந்தது.

"யாரு சார் இது?"

"அக்கா."

முப்பத்தாறு வருகை, வருகைக்கு அறுநூறு. மூன்று எழுத்துக்கு இருபத்தோராயிரத்து அறுநூறு ரூபாய் ஆயிற்று.