அண்ணன் இருந்த தீவு

ரொறன்ரோவில் எங்கள் மல்வேர்ன் அப்பாட்மென்றின் குசினியில் வைத்துத்தான் அண்ணி அதை எனக்குச் சொன்னார். வேலையால் வந்தவர், சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பி, விட்பியிலை இருக்கிற ஒராள் என்னைக் கலியாணம் செய்யக் கேட்டிருக்கிறார். எனக்கும் விருப்பம்."

நான் தேத்தண்ணீர் போட்டேன். ஒரு கோப்பைதான் போட்டேன், எனக்கு மட்டும். அந்தச் சின்னத்தனம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அண்ணன் காணாமல் போய் அப்போது ஐந்து வருடம். கலியாணம் முடித்து நாலாம் மாதம் ஏஜென்ற் ஒருவன் மூலம் கனடாவுக்கு வெளிக்கிட்டவர். மொஸ்கோவில் இறக்கி, அங்கிருந்து ரயிலில் லெனின்கிராட்டுக்குக் கொண்டுபோய் இன்னும் ஐந்து பேரோடு ஓர் அறையில் வைத்திருந்தார்கள். அங்கிருந்து ஒரே ஒரு தடவை, கொழும்பில் நின்ற அண்ணியோடு தொலைபேசியில் பேசினார். "சுத்திவரத் தண்ணி. ஒரு தீவிலை இருக்கிறம். வடிவான ஊர், ஆனா குளிர் விடுகுதில்லை" என்றாராம். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

பிறகு அண்ணி வேறொரு வழியால் ரொறன்ரோ வந்து என் வீட்டிலேயே தங்கினார். அவருக்கு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. எனக்குக் கார் பாகங்கள் பொதி செய்யும் பக்ரறியில். அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். ஆகவே அண்ணனுக்காகக் காத்திருக்க இந்த உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

அந்த அறையில் அண்ணனோடு இருந்தவர்களில் ஒருவர் எங்களுக்கு இரண்டு கட்டடம் தள்ளிக் குடியிருந்தார். "உங்கடை அண்ணையைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டுது" என்று அவர்தான் எங்களுக்குச் சொன்னவர். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஐந்து வருடம் ஓட்டினேன். ஏதோ ஒரு சிறையில் இருக்கிறார், ஒருநாள் விடுவார்கள், கதவைத் தட்டுவார். தட்டும்போது அண்ணி வேறொருவர் வீட்டில் இருந்தால் நான் என்ன பதில் சொல்வது?

தமிழ் லோயர் ஒருவரிடம் இருவரும் போனோம். விவாகரத்து எடுப்பது மிக லேசு, இத்தனை வருடம் பிரிந்திருப்பதே போதும் என்றார். அண்ணி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவர் என்னை விட்டிட்டுப் போகேல்லை. நானும் அவரை விடேல்லை. அப்பிடியொரு பேப்பரிலை நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

"அப்ப அவர் இறந்திட்டார் எண்டு கோர்ட் சொல்லவேணும், அக்கா. அதுக்குத் தேடிப் பாத்ததுக்கு ஏதாவது காட்டோணும்."

"போய்த் தேடுறன்" என்றார் அண்ணி.

நானும் வருகிறேன் என்றேன். அவருக்குத் துணையாகப் போனேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அண்ணன் உயிரோடு கிடைப்பார், இந்தக் கலியாணம் நிற்கும் என்ற எண்ணத்தில்தான் நான் விமானம் ஏறினேன்.

ஒக்டோபர் மாதம் போய் இறங்கினோம். லெனின்கிராட் என்ற பெயரே அங்கே இல்லை. அண்ணன் போன மாரிக் குளிர்காலத்துக்குச் சற்று முன்னர்தான் பழைய பெயரைத் திரும்ப வைத்திருந்தார்கள். அந்தப் பெயரும் லெனின்கிராட்டும் வேறு வேறு நகரங்கள் என்று அண்ணி அதுவரை நினைத்திருந்தார். வானம் அலுமினியச் சட்டி கவிழ்த்த மாதிரி இருந்தது. ஆறு அகலமாக, கறுப்பாக, எந்த அவசரமும் இல்லாமல் ஓடியது. ஒரு பாலத்தால் ஏறி இறங்கினால் ஒரு தீவு. இன்னொரு பாலம், இன்னொரு தீவு. இதில் எந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அவர் பேசியிருப்பார்?

எங்களிடம் இருந்த துப்பு ஒன்றே ஒன்று. பெரிய தீவில் 'பதினாலாம் லைன்' என்ற தெரு, கீழே பேக்கரி மாதிரி ஒரு பாண் கடை. அந்த அறையில் அண்ணனோடு இருந்த மல்வேர்ன்காரர் சொன்னது. நாங்கள் கூலிக்குப் பிடித்த மொழிபெயர்ப்பாளர் முன்பு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்த ஒரு பெண். சாம்பல் கோட்டு, எப்போதும் ஈரமான குடை. அந்தத் தீவில் தெருக்களுக்குப் பெயர் இல்லை, இலக்கம்தான் என்று விளக்கினார். பகலில் ஆட்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், பின்னேரம் போவோம் என்றும் சொன்னார். "அதுவரை கோட்டையைப் பாருங்கள். இந்த நகரத்துக்கு வருகிற எல்லோரும் பார்ப்பார்கள்."

கோட்டை ஒரு சின்னத் தீவு முழுவதையும் பிடித்துக்கொண்டு நின்றது. முயல் தீவு என்று பெயராம். நகரம் தொடங்கியதே அங்கேதான் என்று அவர் பாடம் நடத்துவது போலச் சொல்லிக்கொண்டு வந்தார். தேவாலயத்துக்குள் அரசர்களின் கல்லறைகள் வெள்ளைச் சலவைக்கல்லில் வரிசையாக இருந்தன. அண்ணி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றார்.

பிறகு மொழிபெயர்ப்பாளர் எங்களைப் பழைய சிறைக்குள் கூட்டிப்போனார். நீளமான நடை, பாரமான கதவுகள், உள்ளே இரும்புக் கட்டில், சுவரோடு ஒரு இரும்பு மேசை. நான் அந்தக் கட்டிலில் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்தது.

"அண்ணி, இப்பிடி ஒரு இடத்திலைதான் வைச்சிருப்பாங்கள். இந்தக் காலத்திலை இதைவிட நல்லாயிருக்கும். அவர் தாங்குவார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "தம்பி, அஞ்சு வருசம் ஒரு மனிசனைச் சிறையிலை வைச்சு யோசிச்சுக் கொண்டிருக்கிறது எவ்வளவு பாவம் எண்டு நீர் யோசிச்சனீரோ? சாப்பிட்டாரோ, அடிச்சாங்களோ எண்டு நான் ஒவ்வொரு நாளும் யோசிச்சனான். எனக்கு ஏலாமல் போச்சுது."

வெளியே வந்து முற்றத்தில் நின்றபோதுதான் பீரங்கி வெடித்தது. சரியாகப் பன்னிரண்டு மணி. ஒரே ஒரு வெடி, மதில்கள் அதிர்ந்தன, புறாக்கள் கூட்டமாகக் கிளம்பின. நான் எப்போது குந்தினேன் என்று எனக்கே தெரியாது. பார்த்தால், ஈரக் கற்களின்மேல் கையால் தலையைப் பொத்தியபடி நான். பக்கத்தில் அண்ணியும் அதே மாதிரி. சுற்றுலாப் பயணிகள் சிலர் சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் பதறிப்போய்க் குனிந்தார். நேரம் காட்டத் தினமும் சுடுவார்கள், சொல்ல மறந்துவிட்டேன், மன்னியுங்கள் என்றார். அண்ணி எழும்பிப் பாவாடையைத் தட்டிவிட்டு, "அவரும் ஒவ்வொரு நாளும் இதைக் கேட்டிருப்பார்" என்றார். அதன் பிறகு அந்தப் பெண் வரலாறு சொல்வதை நிறுத்திவிட்டார்.

பின்னேரம் பெரிய தீவுக்குப் போனோம். நேரான தெருக்கள், இலையுதிர்ந்த மரங்கள், மஞ்சள் பூச்சு உரிந்த கட்டடங்கள். தெருவின் ஒரு பக்கம் பதினாலாம் லைன், எதிர்ப்பக்கம் பதினைந்தாம் லைன். ஒரே தெருதான், ஆனால் இரண்டு பெயர். இரண்டு மணித்தியாலம் ஒரு பக்கத்தில் ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. பாண் கடை எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

மூன்றாம் மாடியில் ஒரு நீள நடை, பல அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரே குசினி. கதவைத் திறந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். ட்ராம் ஓட்டுபவராம், அன்றைக்கு ஓய்வு நாள். நான் அண்ணனின் படத்தைக் காட்டியதும் மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கவே தேவைப்படவில்லை. கதவைத் திறந்தவர் கையை வாயில் வைத்துக்கொண்டு எங்களை உள்ளே வரச் சொன்னார்.

அடுத்த அறையில் ஆறு பேர் ஒளிந்திருந்தார்கள் என்றார். யாரும் யாரோடும் பேசமாட்டார்கள், இவன் ஒருவன்தான் நடையில் கண்டால் 'காலை வணக்கம்' என்பான். அவனுக்குத் தெரிந்த ரஷ்யச் சொல் அது ஒன்றுதான். ஆகவே இரவு என்றாலும் காலை வணக்கம்தான். குசினியில் எல்லோருக்கும் அது பகிடி. பிறகு இரண்டு கிழமையாக இருமல் கேட்டது. ஒருநாள் காலையில் அறையில் மற்ற ஒருவரும் இல்லை. இவன் மட்டும் காய்ச்சலோடு நிலத்தில் கிடந்தான். பக்கத்தில் ஒரு பாணும் ஒரு போத்தல் தண்ணீரும் வைத்திருந்தார்கள்.

"பொலிஸ் வரேல்லையோ?" என்று நான் கேட்டேன்.

பொலிஸ் வரவில்லை. அம்புலன்சுக்குப் போன் அடித்தது இவர்தான். தீவிலேயே இருந்த ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் பார்க்கப் போனபோது கட்டில் வெறுமையாக இருந்தது.

"கடைசியா அவர் என்ன சொன்னவர் எண்டு கேளுங்கோ" என்றார் அண்ணி. நான் ஆங்கிலத்தில் கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் அவருடைய பதிலைச் சொன்னார்.

"படியால் தூக்கிக்கொண்டு இறங்கும்போது என்னைப் பார்த்தான். காலை வணக்கம் என்றான்."

அண்ணி அந்த வீட்டுப் பெண்ணின் தோளில் முகத்தை வைத்து அழுதார். ஐந்து வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் அழவில்லை. சன்னலுக்கு வெளியே எதிர்ப்பக்கத்து வீடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து தண்ணீர் தெரியவே இல்லை.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் அண்ணனின் பெயர் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் பயணம் செய்தது ஏஜென்ற் கொடுத்த மலேசியப் பாஸ்போட்டில், வேறொருவர் பெயரில். எழுதுவினைஞர் அந்த மாரிக்காலப் பக்கங்களைப் புரட்டி, வெளிநாட்டவர் ஒருவரின் வரியில் விரலை வைத்தார். மொழிபெயர்ப்பாளர் மெதுவாக வாசித்தார். மலேசியர், ஆண், ஏறத்தாழ முப்பது வயது, நியுமோனியா. இடது கையில் சின்ன விரல் பாதி இல்லை.

தண்ணி இறைக்கும் மெஷினின் பெல்ற்றில் அந்த விரல் போனபோது பக்கத்தில் நின்றவன் நான். எனக்குப் பத்து வயது. அதற்குமேல் ஏமாற்றிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

உடலை யாரும் கேட்டு வராததால் நகரத்துக்கு வெளியே எங்கோ புதைத்திருப்பார்கள், அந்தப் பதிவு தங்களிடம் இல்லை என்றார் எழுதுவினைஞர். எங்கள் அண்ணனின் பெயரில் சான்றிதழ் தர வழியில்லை, வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தின் பிரதி தரலாம். அண்ணி வாங்கி நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

திரும்பி வந்த கிழமை, மல்வேர்ன்காரரைப் பஸ் தரிப்பில் நிற்கும்போது பிடித்தேன். வேலை உடுப்போடு, சாப்பாட்டுப் பையோடு நின்றார்.

"போய்ப் பாத்திட்டம், அண்ணை. பொலிஸ் வரேல்லை."

அவர் பையை நிலத்தில் வைத்தார். "ஏஜென்ற் உடனை வெளிக்கிடச் சொன்னவன். நாங்கள் அஞ்சு பேர். தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். போகேல்லை. இதை எந்த வாயாலை சொல்லுறது, தம்பி? பொலிஸ் எண்டா நீங்கள் கொஞ்சக் காலம் நம்பிக்கையா இருப்பியள் எண்டு நினைச்சன்."

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. அடிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். என்னால் முடிந்தது, "அந்தப் பாஸ்போட்டிலை வந்தது எங்கடை அண்ணைதான் எண்டு லோயரிட்டை வந்து சொல்லுவியளோ?" என்று கேட்பது மட்டும்தான்.

"ஓம்" என்றார்.

வந்தார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொல்லிக் கையெழுத்து வைத்தார். விரலைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தேன். மாதங்கள் இழுபட்டு, அண்ணன் இறந்தவர் என்று கோர்ட் சொன்னது. அண்ணியின் பதிவுத் திருமணத்துக்கு நான் சாட்சியாகப் போனேன்.

அந்தப் பிரதியிலிருந்து எங்களுக்குக் கிடைத்த உபயோகமான விஷயம் அண்ணன் இறந்த திகதி. ஐயர் பஞ்சாங்கம் பார்த்துத் திதி சொன்னார். முதல் திவசத்தன்று விடியக் காலையிலேயே பனி கொட்டியது. அண்ணி விட்பியிலிருந்து வந்து மரக்கறிகள் வெட்டினார். அவருடைய கணவர் காரிலேயே இருந்தார். நெடுநேரம் கழித்து நான் கீழே இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"நான் வாறது சரியோ?" என்று கேட்டார்.

"குளிருக்கை இருக்காதேங்கோ" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டேன்.