பொட்டுக்கு விட்ட இடம்

கவரைப்பேட்டைக் கனகாம்பாள் எந்த விதியைத் தமிழில் எழுதினாலும் அதை முதலில் கேட்பவன் அவள் கணவன் அருணகிரிதான். ரயில்வேயில் தண்டவாள வேலை, சாப்பிட்டுக்கொண்டே கேட்பான்.

“மறையாணி முழுவதும் உட்செலுத்தப்பட்ட பின்னரே இறுக்கப்படுதல் வேண்டும்.”

“இன்னாமே இது, கோர்ட்டு சம்மனா?”

அடித்துவிட்டு வேறு எழுதுவாள். “போல்ட்டை முதலில் கையால் முழுசாகத் திருகு. பிறகு ஸ்பேனர் போடு.”

“இது ஆளுக்குச் சொல்ற மாதிரி கீது. ரசம் ஊத்து.”

அது 1974. கைப்பம்பு செய்யும் சிறு பட்டறைகளின் சங்கத்தில் அவளுக்குத் தமிழ்த் தட்டச்சு வேலை, தற்காலிகமாக. பம்பு எப்படி இருக்கவேண்டும் என்று சென்னையிலிருந்த தரக் குழு வகுத்த விதிகள் தடித்த ஆங்கிலப் புத்தகமாக வரும்; வந்த கையோடு முதலாளிகளின் பீரோவுக்குள் போய்விடும். பம்புகள் மட்டும் ஊர்களிலிருந்து பழுதாகித் திரும்பிக்கொண்டிருந்தன. புத்தகத்தைப் பிரித்து, ஒரு வேலைக்கு ஒரு தாள் என்று படத்தோடு தமிழில் சுவரில் ஒட்டலாமே என்றாள் கனகாம்பாள். குழுச் செயலாளர் பூவராகவன் யோசித்துவிட்டு, கும்மிடிப்பூண்டியில் தணிகாசலத்தின் பட்டறையில் மட்டும் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். சரிப்பட்டால் எல்லா விதிகளும் அப்படியே வரும், அவள் வேலையும் நிரந்தரமாகும். இல்லையென்றால் தட்டச்சுப்பொறி சென்னைக்குத் திரும்பும். அவள் வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதான்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் பூவராகவன் அந்தப் பட்டறையைப் பார்வையிட வந்தார். சுவரில் இருந்த தாளுக்குக் குறுக்கே சந்தனப் பட்டை, நடுவில் குங்குமம், மேலே காய்ந்த சாமந்திச் சரம். அளவுகள் இருந்த கட்டம் சந்தனத்துக்கு அடியில்.

“ஏம்மா, இதைப் படிக்கிறாங்களா, கும்பிடறாங்களா?”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கனகாம்பாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவளும்தான் தட்டச்சுப்பொறிக்குப் பட்டை போட்டிருந்தாள், யாரைக் கோபித்துக்கொள்வது?

பம்புக்குத் தோல் வாஷர் பொருத்தும் எல்லம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “வேலைக்கு ஆவற சாமானுக்குத்தானே சார் பொட்டு வெப்போம்? சுத்திக்கு வெச்சோம், ஸ்பேனருக்கு வெச்சோம், இதுக்கும் வெச்சோம். பீரோவுல கீற புக்குக்கு யாரு வெச்சா?”

“பீரோவுக்கு வெச்சீங்களே!” என்றார் தணிகாசலம்.

“அது உங்க டப்புக்கு, நைனா.”

இப்போது பூவராகவனும் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. “சரிம்மா, அளவு மறைஞ்சுபோச்சே, எப்படிப் பார்ப்பே?”

“மறைஞ்சுதான் பூட்ச்சு. ரெண்டு நாளா கனகாக்காவத்தான் கேட்டுக்கினு கீறேன். பொட்டு வெக்க எடம் உட்டு அடிச்சிருந்தா இந்தப் பேஜாரே இல்ல.”

தாள் ஒட்டிய பிறகு அந்தப் பட்டறைக்குத் திரும்பிய பம்புகள் எத்தனை என்று பூவராகவன் விசாரித்தார். முன்பு திரும்பியதில் பாதிகூட இல்லை. கனகாம்பாள் அன்றே நகலெடுக்கப் புது ஸ்டென்சில் தாள் அடித்தாள். தலைப்புக்கு மேலே நான்கு விரல் அகலம் வெறும் வெள்ளை. கட்டம் கீழே இறங்கிற்று.

குழுவில் ஒரு பெரியவர், காகிதம் வீணாகிறதே என்று ஆட்சேபித்தாராம். “போன தடவை அளவே வீணாச்சு சார்” என்று பூவராகவன் பதில் சொல்லியிருக்கிறார்.

பொங்கலுக்குப் பிறகு உத்தரவு வந்தது: விதிகள் இனித் தனித்தாள்களாக, தமிழில், கனகாம்பாளின் வேலை நிரந்தரம். அந்த உத்தரவு முழுக்க முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு பட்டறைகளுக்கு அனுப்ப அதைத் தமிழில் அடிக்க உட்கார்ந்தாள்.