மீட்டர்காரரின் வண்டி

அவளுக்கு அலாரம் என்று பேர் வைத்தது கூட வேலை பார்த்த பெண்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். இது எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் செய்வதில்லை. அவள் செய்வாள். சாப்பாட்டுத் தட்டில் கை இருந்தாலும், அவள் வைத்திருக்கும் கடிகாரத்தில் மணி அடித்தால் கழுவிவிட்டு எழுந்துவிடுவாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் பார்த்துக்கொண்ட ஒருவருக்கும் படுக்கைப் புண் வந்ததில்லை. இதை அவள் வெளியே சொல்லிக்கொள்வதும் உண்டு, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

மீட்டர்காரர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. மீட்டர்காரர் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதியவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது; ஒரே ஒரு சொல் மட்டும் தப்பிப் பிழைத்து நின்றது. "அப்புறம்." பசித்தாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம், மனைவிமேல் கோபம் வந்தாலும் அப்புறம். இழுத்துச் சொன்னால் ஒரு அர்த்தம், வெட்டிச் சொன்னால் வேறொன்று. ஒரு மாதத்தில் அலாரத்துக்கு அந்தப் பாஷை பிடிபட்டுவிட்டது.

கட்டிலுக்கு இடப்பக்கம் ஜன்னல், வெளியே முற்றம், முற்றத்தின் கோடியில் தகரக் கொட்டகை. கொட்டகைக் கதவு எப்போதும் ஒரு முழம் திறந்திருக்கும். அந்த இடைவெளியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் முன்விளக்கும் அரக்கு நிறப் பெட்ரோல் டாங்கும் தெரியும். தொண்ணூற்றெட்டு சிசி. கனமான ஆள் உட்கார்ந்தால் மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான் அதன் பலம். மீட்டர்காரர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்கி, ஓய்வு பெறும்வரை அதிலேயே தெருத் தெருவாகப் போனவர். இடப்பக்கமாகப் புரட்டிவிட்டால் அதைப் பார்த்தபடியே கிடப்பார். முதுகுக்குத் தலையணை கொடுக்கக் குனியும்போது அலாரமும் பார்ப்பாள். பதினான்கு மாதம் பார்த்தாள். பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது.

ஆசைக்கு நியாயம் தேடினால் கிடைக்காமல் போகாது. வேலைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும், முழங்கால் படியேற மறுத்தது, தம்பி மெக்கானிக். ஆனால் இதெல்லாம் இல்லாவிட்டாலும் அவள் ஆசைப்பட்டிருப்பாள். அதுவரை அவள் வாங்கிய பொருள் எல்லாம் பிறத்தியாருக்கு வாங்கியது. இது ஒன்று தனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வீட்டம்மாவிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"அம்மா, அந்த வண்டி சும்மாதானே நிக்குது?"

"சும்மா எங்க நிக்குது, எலி குடும்பம் நடத்துது அதுல. ஏன், உனக்கு வேணுமா?"

"குடுப்பீங்களா?"

"எடுத்துட்டுப் போயேன். இவர் எழுந்து ஓட்டப் போறாரா, இல்ல நான் ஓட்டப் போறேனா. ஆனா அவர் காதுல விழவேண்டாம். தெரிஞ்சா நாள் பூரா அப்புறம் அப்புறம்னு கத்துவார். என்னால ஆகாதும்மா."

பயிற்சியில் அலாரத்துக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே இதுதான்: படுத்திருப்பவர் பதில் சொல்லாவிட்டாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், அவர் சம்பந்தப்பட்டதை அவரிடம் சொல்லாமல் செய்யாதே. புதிதாக வரும் பெண்களுக்கு அவளும் இதைத்தான் சொல்லிக் கொடுப்பாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்தது, "சரிம்மா."

விலை பேசினார்கள். அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

வண்டியை ஏற்றிப் போகத் தம்பி ஒரு சின்ன லாரியோடு வந்தான். அவன் வருவதற்கு முன்னால் அலாரம் மீட்டர்காரரை வலப்பக்கமாக, சுவரைப் பார்க்கப் புரட்டினாள். அது அவருடைய விழுந்த பக்கம். விழுந்த பக்கத்தில் உணர்ச்சி குறைவு. நசுங்கினாலும் உடம்பு சொல்லாது. அதனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது. ஏற்ற அரை மணி போதும் என்று தம்பி சொல்லியிருந்தான். பின்சக்கரம் இறுகிப்போய் உருள மறுத்தது. செயினைக் கழற்றினான், பிரேக்கைக் கழற்றினான், எலியைத் துரத்தினான். மணி அடித்தது. அலாரம் அதை அமர்த்தினாள். இப்போது புரட்டினால் ஜன்னலில் லாரிதான் தெரியும்.

"அப்புறம்?" என்றார் மீட்டர்காரர் சுவரைப் பார்த்து.

"கொஞ்சம் பொறுத்துக்கங்கய்யா," என்றாள்.

மூன்றரை மணி நேரம் ஆயிற்று. லாரி போனதும் ஓடிவந்து புரட்டினாள். வலது இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினாள். வெறும் சிவப்பானால் அழுத்திய இடம் வெளுக்கும். வெளுக்கவில்லை; படுக்கைப் புண்ணின் முதல் படி. கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எந்த மணிக்கு எந்தப் பக்கம் புரட்டினாள் என்று குறித்து வைக்கும் நோட்டை எடுத்து, பன்னிரண்டு மணிக்கு நேராக 'இடப்பக்கம்' என்று எழுதினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் எழுதிய முதல் பொய்.

"என்னம்மா இப்படிச் சிவந்திருக்கு?" என்று கேட்டார் வீட்டம்மா.

"வெயில் காலம்மா. புழுக்கம்."

சிவப்பு மறையப் பதினோரு நாள் பிடித்தது. அந்தப் பதினோரு நாளும் தாயைவிட மேலாக அவரைப் பார்த்துக்கொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்; அவளுக்குக் கைதான் குறுகுறுத்தது, சும்மா இருக்க மாட்டேன் என்றது. கொட்டகைக் கதவை மட்டும் நெருக்கிச் சாத்தி, காற்றில் திறக்காதபடி கம்பியால் கட்டினாள்.

விடுமுறை நாட்களில் தம்பியின் கடைக்குப் போய் வண்டியோடு மல்லுக்கட்டினாள். சீட்டுக்குள் எலி சேர்த்து வைத்த பஞ்சும் காகிதமும் ஒரு கூடை வந்தது. டாங்குக்குள் துரு. கைப்பிடி அளவு பழைய நட்டுகளை உள்ளே போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினார்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை அடைத்திருந்தது. தம்பி மெல்லிய கம்பி தேடி டப்பா டப்பாவாகக் கொட்டிக்கொண்டிருக்க, அலாரம் பையிலிருந்து ஊசியும் சிரிஞ்சும் எடுத்து, பெட்ரோலை ஏற்றிப் பீய்ச்சி, இரண்டு நிமிஷத்தில் அடைப்பை எடுத்துவிட்டாள். துடைக்கும்போதும் சுத்தமான இடத்தில் ஆரம்பித்து அழுக்கான இடத்தில் முடித்தாள், ஆளைத் துடைப்பது போலவே.

"அக்கா, பவுடர் போடணுமா அதுக்கு?"

"வாயை மூடிட்டு உன் வேலையைப் பாரு."

"இல்ல, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டிப் போடணும்னா இப்பவே சொல்லிடு. என் முதுகு தாங்காது."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

டாங்கின் இரண்டு பக்கமும் கையகலத்துக்குப் பெயிண்ட் போய், தகரம் வெள்ளியாக மின்னியது.

"இது துருவாடா?"

"துரு இல்லக்கா, முட்டி. முப்பது வருஷம் முட்டியால அணைச்சு அணைச்சு ஓட்டியிருக்கார் மனுஷன். என்ன கலர் அடிக்கட்டும்? அதே அரக்கு?"

"பச்சை."

"பழைய வண்டிக்கு அதோட கலர்தான்க்கா அழகு."

"பச்சை அடின்னா அடி."

"இந்தத் தேஞ்ச இடத்தையாவது அப்படியே விடலாமா? பாக்க நல்லா இருக்கு."

"அதையும் சேர்த்து அடி," என்றாள். பச்சை அவளுக்குப் பிடித்த நிறமே இல்லை. எந்த ஜன்னலிலிருந்து பார்த்தாலும் அது வேறு வண்டியாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

வண்டி மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. டுட்டுட்டு என்று ஒரு அவசரம், நடுவில் ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு மறுபடி டுட்டுட்டு. அந்த விழுங்கலைத் தம்பி எவ்வளவோ பார்த்தான், போகவில்லை. பிறவிக் குணம் என்று விட்டுவிட்டான். அலாரம் தினமும் அதில் வேலைக்கு வந்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடைச் சந்தில் நிறுத்திவிட்டு மீதியை நடந்தாள். கைப்பையில் ஹெல்மெட் அடங்காது என்று அதைக் கடைக்காரரிடம் கொடுத்துவைத்தாள். ஓட்டும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. நிறுத்திவிட்டு நடக்கும் அந்த ஐந்து நிமிஷத்தில் எல்லாம் வடிந்துவிடும்.

ஒன்றரை மாதம் இப்படிப் போயிற்று. ஒரு காலையில் கதவைத் திறந்த வீட்டம்மா கேட்டார்:

"உனக்கும் அவருக்கும் ஏதாச்சும் சொல்லி வச்ச கணக்கு உண்டா?"

"என்னம்மா?"

"நீ கேட்டைத் திறக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி தலையை ஜன்னல் பக்கம் திருப்பிடறார். ஒரு மாசமாப் பாக்கறேன். தற்செயல்னு நினைச்சேன். நேத்து நீ முக்கால் மணி லேட்டு. அவரும் முக்கால் மணி லேட்டாத்தான் திருப்பினார்."

அலாரத்துக்கு வாசலிலேயே கால் நின்றுவிட்டது. நிறத்தை மாற்றியாயிற்று, கதவைக் கட்டியாயிற்று, இரண்டு தெரு தள்ளி நிறுத்தியாயிற்று. சத்தத்துக்கு என்ன பெயிண்ட் அடிப்பது? முப்பத்தொரு வருஷம் முட்டிகளுக்கு நடுவே கேட்ட சத்தம். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை.

உள்ளே போனாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் போல "நல்லாத் தூங்கினீங்களாய்யா?" என்று கேட்க வாய் திறந்து, கேட்காமல் மூடிக்கொண்டாள். ஒன்றரை மாதமாக அவர் வண்டிச் சத்தத்தையும், அதன் பின்னாலேயே வரும் அந்தக் கேள்வியையும் காதில் வாங்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். ஒருநாள்கூட அப்புறம் என்று கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

அன்றும் மறுநாளும் அவளால் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் வீட்டம்மாவைச் சமையலறையில் பிடித்தாள்.

"அம்மா, அவர்கிட்டச் சொல்லிடப் போறேன். நாளைக்கு வண்டியை உள்ளயே கொண்டுவர்றேன்."

"கெட்டுது போ. அப்புறம் உன்னைக் கிட்ட சேர்ப்பாரா? உன் கையால வாங்கிச் சாப்பிடுவாரா? எனக்கு இன்னொரு ஆள் தேடத் தெம்பில்லை."

"சேர்க்காட்டி போறேன்மா. தெரியாத மாதிரி அவரும், தெரியாத மாதிரி நானும் நடிச்சுக்கிட்டு அவரைத் தொட்டுத் துடைக்க என்னால முடியலை."

மறுநாள் சந்தில் நிற்காமல் நேரே வந்தாள். கேட்டைத் திறந்து வண்டியை முற்றத்தில் ஸ்டாண்டு போட்டாள். மீட்டர்காரரைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்தி, இடுப்புப் பட்டை மாட்டி, வெளியே தள்ளி வந்து, வண்டி அவருடைய நல்ல கைக்கு எட்டும்படி நிறுத்தினாள். தானும் அவருடைய இடப்பக்கமாகவே நின்றாள்; வலப்பக்கம் நின்றால் அவருக்குச் சரியாகத் தெரியாது.

"ஐயா, வண்டியை வாங்கினது நான்தான். சொல்லவேண்டாம்னு அம்மா சொன்னாங்க, ஆனா அவங்க மேல பழி போட வரலை. எனக்கு அது வசதியா இருந்துச்சு. அன்னிக்கு மூணரை மணி நேரம் உங்களைச் சுவத்தைப் பாக்க வச்சது இதை ஏத்தறதுக்குத்தான். இடுப்பு சிவந்தது அதனாலதான், வெயிலால இல்லை. நோட்டுலயும் பொய்தான் எழுதியிருக்கேன். பச்சை அடிச்சது, நீங்க பாத்தாலும் தெரியக் கூடாதுன்னு."

"வெயில் இல்லையா?" என்றார் படியில் நின்ற வீட்டம்மா. "அடிப்பாவி. ஈரத் துணி வச்சு நான் ராவும் பகலும் விசிறினேனே."

அலாரம் தலை குனிந்து அதையும் வாங்கிக்கொண்டாள்.

மீட்டர்காரர் அவளைப் பார்க்கவில்லை. இடது கையை நீட்டி டாங்கின் மேல் வைத்தார். கை கீழே இறங்கி முட்டி படும் இடத்துக்குப் போயிற்று. தாண்டிப் போயிற்று. திரும்பி வந்தது. மறுபடி தடவியது. எங்கும் ஒரே வழவழப்பு. அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அப்புறத்துக்காகக் காத்திருந்தாள், எந்த ராகத்தில் வந்தாலும் சரி என்று. அவரோ கட்டைவிரல் நகத்தைப் பெயிண்டில் ஊன்றிச் சுரண்ட ஆரம்பித்தார்.

"தம்பிகிட்டச் சொன்னா அரை நாள்ல எடுத்துடுவான்யா," என்று அவள் குனிந்தாள்.

அவர் புறங்கையால் அவள் கையைத் தட்டிவிட்டார். நல்ல அடி. பிறகு விட்ட இடத்தில் சுரண்டலானார்.

அவள் எழுந்து எதிர்ப்பக்கம் போய், வண்டி ஆடாமல் ஹாண்டில் பாரைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலியில் உட்காரலாம் என்று டாக்டர் சொன்ன ஒரு மணி நேரம் முடிந்தபோது, பச்சையில் மிளகு அளவு பெயர்ந்திருந்தது. அடியில் தகரம்கூட இல்லை, தம்பி பூசிய சாம்பல் நிறப் பூச்சு. உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைக்கும்போது அவர் உடம்பை விறைத்துக்கொண்டார். அவள் கைக்கு அவர் எப்போதும் கொடுக்கும் அந்தச் சின்ன ஒத்தாசை இல்லை. முழுக் கனத்தையும் அவளே தூக்கினாள்.

மதியம் வீட்டம்மா ஊட்டினார். மறுநாளும் வீட்டம்மாவே. ஆனால் காலையில் வண்டிச் சத்தம் கேட்டதும் அவர் தலை திரும்பியது, முற்றத்தில் கை டாங்குக்குப் போயிற்று. அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் சுரண்டினார்.

"இது முடிய ஒரு வருஷம் ஆகும்," என்றார் வீட்டம்மா.

"ஆகட்டும்மா."

"அதுவரைக்கும் உன்கிட்ட இப்படித்தான் இருப்பார் போல."

"இருக்கட்டும்மா."

வெள்ளிக்கிழமை நகம் வெட்டும் நாள். படுத்திருப்பவர்களுக்கு நகம் வளரவிடக் கூடாது; தோல் மெல்லிசு, தங்களைத் தாங்களே கீறிக்கொள்வார்கள். அவர் விரல்களை வெந்நீரில் ஊறவைத்து, துடைத்து, விழுந்த கையில் ஐந்தும் வெட்டினாள். நல்ல கையில் சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து நான்கு வெட்டினாள். கட்டைவிரலை எடுத்துப் பார்த்தாள். நக இடுக்கில் பச்சை ஏறியிருந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நகவெட்டியை மடக்கி வைத்துவிட்டு, அந்த நகம் பிளந்துவிடாதபடி சின்ன அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தாள். பிறகு முற்றத்துக்குப் போக, சக்கர நாற்காலியைக் கட்டிலருகே கொண்டுவந்தாள்.