புகைபோக்கி தெரிந்தால் இறங்கிவிடு

போன கோடை விடுமுறையில், பத்தாவது பரீட்சை முடித்திருந்த என் மகளை எண்ணூருக்கு மின்சார ரயிலில் அழைத்துப் போனேன். அடையாறைத் தாண்டி உலகம் தெரியாத பெண். துறைமுகம், தொழிற்சாலை, தொழிலாளர் அரசியல் எல்லாவற்றையும் நேரில் பார்க்கட்டுமே என்று ஆசை. வழியெல்லாம் குனிந்த தலை நிமிராமல் வருவாளே என்று அவள் போனை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அது என் முதல் புத்திசாலித்தனம்.

ஒரே கூட்டம். அவளைப் பெண்கள் பெட்டியில் ஏற்றி, "பெரிய புகைபோக்கி தெரிஞ்சா இறங்கிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியில் தொற்றிக்கொண்டேன். இது இரண்டாவது. அந்தப் பக்கம் புகைபோக்கி தெரியாத ஸ்டேஷன் ஏது?

எண்ணூரில் இறங்கினால் அவளைக் காணோம். பதறிப்போய் அவளுக்குப் போன் செய்தேன். என் பைக்குள்ளேயே மணி அடித்தது. அதுவரை பார்த்த ரவுடிப் படங்கள் எல்லாம் ஐந்து நிமிடத்தில் கண்முன் ஓடி முடிந்தன. பிளாட்பார பெஞ்சிலிருந்து, கழுத்தில் தழும்போடு ஒருவர் எழுந்து என்னை நோக்கி வர, பையை மார்போடு இறுக்கிக்கொண்டேன். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அப்போது தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. "இன்னா நைனா, பொண்ண வுட்டுட்டு எங்க போய்க்கினு கீற? திருவொத்தியூர் டேசன்ல எங்களாண்டதான் கீது. ஓடி வராத, மெதுவா வா." என் எண் மகளுக்கு மனப்பாடம் என்பதே அன்றுதான் தெரிந்தது.

ஆட்டோ பிடித்து ஓடினேன். பிளாட்பார நிழலில் மீன்காரப் பெண்கள் நான்கு பேர். நடுவில் என் மகள் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். கூடையைப் பார்த்தாலே பஸ் நிற்காமல் போகிறதாம். அதற்கு ஒரு மனு. "இருப்பா, கடைசி வரி" என்றாள், நிமிராமலே. என் முகம் கருவாடாய்க் காய்ந்துவிட்டது என்று ஒரு அம்மா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்புறம்தான் கவனித்தேன். கூடைகள் நிறைய மீன். ஐஸ் உருகிப் பிளாட்பாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வியாபார நேரத்தில் எனக்காகவா உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

"புள்ளய தனியா வுட்டுட்டா போவோம்? மீனு நாளைக்கும் வரும்" என்றார் அந்த அம்மா.

அரசியல் சொல்லித்தர நான் எழுதிப்போன குறிப்பு இன்னும் பிரிக்காமலே பையில் கிடக்கிறது. இப்போதெல்லாம் பஸ்ஸில் மீன் கூடை ஏறினால் மகள் நகர்ந்து இடம் விடுகிறாள். எனக்கோ, அவளுக்காக அன்று உருகி ஓடிய அந்த ஐஸ் தண்ணீர்தான் ஞாபகத்துக்கு வருகிறது.