விரலில் ஒட்டிய சீனி

கோவில்பட்டியில் வீட்டுச் சாமான் கடை ஒன்றில் ஏர் ஃப்ரையரில் டோனட் சுட்டுக் காட்டிக்கொண்டிருந்தார் அந்தப் பெண். நாற்பது வயதிருக்கும். கம்பெனி கொடுத்த சிவப்புத் தொப்பிக்கடியில் மல்லிகைப்பூ நசுங்கிக் கிடந்தது. தயிர் விட்டுப் பிசைந்த மைதாவை டம்ளரால் வட்டமாக வெட்டி, பாட்டில் மூடியால் நடுவில் ஓட்டை போடுவார். பத்தே நிமிடத்தில் வெந்துவிடும். சீனிப்பொடியில் புரட்டி வருகிறவர்களுக்கு நீட்டுவார். விரலில் ஒட்டிய சீனியை மட்டும் ஒவ்வொரு தடவையும் ஈரத்துணியில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“பஞ்சு மாதிரி இருக்கும் அண்ணாச்சி, சாப்பிட்டுப் பாருங்க.”

“நீங்க தின்னு பாத்தீங்களாம்மா?” என்று ஒன்றை வாங்கிக்கொண்டே கேட்டேன்.

அவர் கண் கூரையிலிருந்த கேமராவுக்குப் போய்வந்தது.

“வேலைக்கு நிக்குதவிய வாயில வைக்கக் கூடாதாம். மிச்சத்தக் குப்பையில கொட்டுதேனான்னு அது பாத்துக்கிட்டே இருக்கும்.”

கையிலிருந்ததில் பாதியைப் பிட்டு நீட்டினேன்.

“வேல போயிரும் அண்ணாச்சி. நீங்களே தின்னுருங்க.”

தின்றேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நெசமாவே பஞ்சு மாதிரியா இருக்கு?”

“பஞ்சாவது ஒண்ணாவது, சவசவன்னு இருக்கும்மா” என்று பொய் சொன்னேன்.

சொல்லும்போதே என் நாக்கு உதட்டிலிருந்த சீனியை நக்கிவிட்டது. அதை அவர் பார்த்துவிட்டார்.